வாய்க்கால் கரையில் நடப்பது கொடுமையா?

மிங்க் என்ற சிறு விலங்கையும் நாயையும் ஒன்றாகப் பழக்கி அமெரிக்காவில் எலி பிடிக்கிறார்கள், மஸ்க்ராட் பிடிக்கிறார்கள் என்று சொன்னாலே பலருக்கு முகம் சுளிக்கிறது. ரத்தவெறி என்கிறார்கள். காட்டு விலங்கை அடிமையாக்கும் வேலை என்கிறார்கள். ஓர் உயிரை ஏவி இன்னோர் உயிரைக் கொல்லவிட்டு, அதைக் காணொளியாக்கி ஊருக்குக் காட்டுவது நாகரிகமா என்று கேட்கிறார்கள். விலங்கு நலம் பேசுவோரும் சூழலியல் படித்தோரும் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பார்த்தவரும் இதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அவர்களில் பலருடைய அக்கறை உண்மையானது என்று அறிவேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பு தவறு என்றே சொல்வேன். எலியையும் மஸ்க்ராட்டையும் மனிதர்கள் நடைமுறையில் எந்தெந்த வழியில் கொல்கிறார்களோ அவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாயும் மிங்க்கும் சேர்ந்து செய்யும் வேலையில்தான் துன்பம் குறைவு, சம்பந்தமில்லாத உயிர்கள் சாவதும் குறைவு.

முதலில் நடப்பது என்ன என்று தெரிய வேண்டும். மிங்க் நம் நாட்டில் இல்லாத விலங்கு. நீர்நாய்க்கு நெருங்கிய உறவு. கீரியைப் போல் நீண்டு ஒல்லியான உடல், கரும்பழுப்பு மயிர். வட அமெரிக்காவின் ஆற்றோரங்களும் சதுப்புகளும் அதன் தாயகம். காட்டில் ஆண் மிங்க் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ இருக்கும். தோலுக்காகப் பண்ணைகளில் வளர்ப்பது அதைவிடப் பெரிது. மஸ்க்ராட் அதே நீர்நிலைகளில் வாழும் கொறித்துண்ணி. ஒரு கிலோவுக்கு முன்பின் எடை. செதில் மூடிய, பக்கவாட்டில் தட்டையான வால். வாய்க்கால் கரையைக் குடைந்து வீடு கட்டும். வளையின் வாசலைத் தண்ணீருக்கு அடியில் வைத்துக்கொள்ளும். கால் மணி நேரம் வரை மூச்சடக்கி மூழ்கிக் கிடக்க அதனால் முடியும்.

இந்தக் கூட்டு வேலையை இன்றைய வடிவில் பலரும் அறியச் செய்தவர் யூட்டா மாநிலத்தின் ஜோசப் கார்ட்டர். வல்லூறைப் பழக்கி வேட்டையாடும் கலையை மனத்தில் வைத்தே அவர் இதற்குப் பெயரும் இட்டார். வேலைப் பங்கீடு எளிமையானது. நாய் கரையில் மோப்பம் பிடித்து நடக்கும். ஆளில்லாத வளைகளைத் தாண்டிப் போகும். உள்ளே விலங்கு இருக்கும் வளையின் மேல் நின்றுகொண்டு மண்ணைக் கீறும். மிங்க்கை அங்கே இறக்கிவிட்டால் வாசல் நீருக்குள் இருந்தாலும் தேடி நுழைந்துவிடும். டெரியர் நாய்கூடப் புக முடியாத இடுக்கு அது. உள்ளே இருக்கும் மஸ்க்ராட் இளைத்ததோ நோயுற்றதோ என்றால் அங்கேயே பிடரியில் கடிபட்டு முடிந்துவிடும். திடமானது இன்னொரு வாசல் வழியாகத் தண்ணீருக்குள் பாயும். அங்கேதான் நாய் தேவைப்படுகிறது. மிங்க் நீந்தும், மூழ்கும். ஆனால் நீருக்கடியில் அதன் பார்வை நீர்நாயுடையதைப் போல் கூர்மையானதன்று, ஒரு முழுக்கு பெரும்பாலும் சில நொடிகளே. தண்ணீரில் மஸ்க்ராட்டை அதனால் எளிதில் எட்ட முடியாது. நீரின் மேல் எழும் சிறு அலையைப் பார்த்தே நாய் குறுக்கே போய்க் கவ்விவிடும். மாட்டுக்கொட்டகையிலும் கோழிப்பண்ணையிலும் இதே ஏற்பாடுதான்: பலகைகளுக்கு அடியில் மிங்க், வெளியே ஓடிவரும் எலிக்கு நாய். கவ்வி ஓர் உதறு, கழுத்து முறிந்துவிடும்.

இது எளிதில் கைவரும் கூட்டு அன்று. நாயின் இயல்புப்படி மிங்க்கும் துரத்திப் பிடிக்க வேண்டிய ஒரு சிறு விலங்குதான். மிங்க்கோ மிரண்டால் கண் மூக்கு பார்க்காமல் கடிக்கும், கடித்ததை விடாது. ஓடுகிற எலியைப் பிடி, பின்னாலேயே ஓடிவருகிற மிங்க்கைத் தொடாதே என்று நாய்க்குக் கற்றுக்கொடுப்பது எத்தனை நுட்பமான வேலை! இரண்டும் பழுப்பு நிறச் சிறு விலங்குகள், இரண்டும் வேகமாக ஓடுபவை. அரை நொடியில் நாய் முடிவெடுக்கிறது. இதை வெறி என்று சொல்பவர்கள், வெறிகொண்ட நாயால் இதைச் செய்ய முடியாது என்பதைக் கவனிப்பதில்லை.

இனி கொடுமை என்ற குற்றச்சாட்டு. இந்த எலிகள் இப்படிச் சாகாவிட்டால் வேறு எப்படிச் சாகும்? கிழமாகி, படுக்கையில், அமைதியாக அல்ல. தானியக் கிடங்கும் கோழிப்பண்ணையும் வைத்திருப்பவர் எலியை விட்டுவைக்கப் போவதில்லை. அவர் கை வழக்கமாக நீள்வது நஞ்சுக்கு. இன்று உலகெங்கும் பெரிதும் விற்பவை ரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சுகள்; புரோடிஃபாகம், புரோமடியோலோன் போன்றவை. இவை உடலில் வைட்டமின் கே மறுபடி பயன்படுவதைத் தடுக்கின்றன. இருக்கும் உறைபொருள்கள் தீரத் தீர, ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும்: மூட்டில், நுரையீரலில், குடலில். தின்ற எலி சாக மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். இந்தத் தாமதம் தற்செயலும் அன்று. தின்றவுடன் ஓர் எலி செத்தால் மற்றவை அந்த இரையைத் தொடாது என்பதால், மெதுவாகக் கொல்வதே இந்த நஞ்சின் சிறப்பாக மதிக்கப்படுகிறது. அந்த நாள்களில் எலி சோர்ந்து, தள்ளாடி, பகலிலும் வெளியே வந்து திரியும். ஆந்தைக்கும் பருந்துக்கும் அதைவிட எளிதான இரை ஏது?

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வனவிலங்கு மருத்துவமனைக்கு வந்த 161 இரைகொல்லிப் பறவைகளைச் சோதித்தபோது 86 விழுக்காட்டில் இந்த நஞ்சு இருந்தது. பின்னால் அதே இடத்தில் நடந்த சோதனைகளில் அளவு கூடியதே தவிரக் குறையவில்லை. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறந்த ஃபிளாக்கோ என்ற ஆந்தையைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். விலங்குக் காட்சியகத்திலிருந்து வெளியேறி ஓராண்டு நகரத்து மரங்களில் சுதந்திரமாக வாழ்ந்தது. அதன் உடலில் புறாக்களிடமிருந்து தொற்றிய கடும் வைரஸ் நோயோடு, நான்கு விதமான எலி நஞ்சும் இருந்தன. கலிஃபோர்னியா மாநிலம் 2020இல் இந்த வகை நஞ்சுகளில் கடுமையானவற்றின் பயன்பாட்டைச் சட்டம் போட்டுப் பெரும்பாலும் நிறுத்தியது சும்மா இல்லை.

நஞ்சை விட்டால் பசை அட்டை. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தன் தோலைத் தானே பிய்த்துக்கொண்டு கிடக்கும். 2024 ஜூலை முடிவிலிருந்து இங்கிலாந்தில் உரிமம் இல்லாதவர் இதை வைக்கக் கூடாது. மற்ற பல நாடுகளில் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. மஸ்க்ராட்டுக்கு வைக்கும் பொறிகளில் ஒரு வகை, காலைக் கவ்வி நீருக்கடியில் பிடித்து வைத்துக்கொள்வது. நெடுநேரம் மூச்சடக்கத் தெரிந்த விலங்கு அது, நினைவிருக்கட்டும். போராடுகிற மஸ்க்ராட் நிமிடக்கணக்கில் நீரில் திணறிச் சாகிறது. பொறியில் வாத்து சிக்கும், நீர்நாய் சிக்கும், காட்டு மிங்க்கே சிக்கும். நாய் தன் வாயில் இருப்பது வாத்து என்றால் கட்டளைக்கு விட்டுவிடும். பொறிக்கு யார் கட்டளை இடுவது?

நாயின் உதறலில் சாகும் எலிக்கு வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. அச்சமும் வலியும் உண்டு, சில நேரம் முதல் கடி பிசகி அது நீளவும் செய்யும். அதை மறைப்பவர் நேர்மையானவர் அல்லர். ஆனால் நொடிகளையும் நாள்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மிங்க் வேட்டையைக் கண்டித்துவிட்டுத் தன் வீட்டுப் பரணில் நஞ்சுக் கட்டியை வைப்பவர், எலியின் துன்பத்தைக் குறைக்கவில்லை. தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அதை நடக்க விடுகிறார்.

கொல்லவே வேண்டாம் என்பவர் உண்டு. திருக்குறள் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறது. அந்த நெறியில் முழுதாக நிற்பவரோடு எனக்கு வழக்கில்லை, அவரை வணங்குகிறேன். ஆனால் ஒரு வாய்க்காலின் கரையை மஸ்க்ராட் குடைவதை எந்த ஊரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 2008 ஜனவரியில் நெவாடா மாநிலத்தின் ஃபெர்ன்லி நகரில் டிரக்கி வாய்க்கால் உடைந்து ஏறத்தாழ 590 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கரையில் விலங்குகள் குடைந்த வளைகளே காரணம் என்று விசாரணை சொன்னது. அதே ஆண்டு ஜூனில் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தின்போது மிசௌரி மாநிலத்தின் வின்ஃபீல்டில், மக்கள் இரவு பகலாக மணல்மூட்டை அடுக்கிக் காத்த கரை கடைசியில் மஸ்க்ராட் வளைகளால்தான் உடைந்தது. யூட்டா போன்ற வறண்ட மாநிலத்தில் மண் வாய்க்கால்தான் வயலுக்கு உயிர். ஆகவே அங்கே மஸ்க்ராட் கொல்லப்படும். யாரால், எப்படி என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

அடுத்தது, காட்டு விலங்கை அடிமையாக்குகிறார்கள் என்ற வாதம். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. ஏனென்றால் வேட்டைக்குப் பழக்கப்படும் மிங்க்குகளில் பல, மென்மயிர்ப் பண்ணையில் பிறந்தவை. வட அமெரிக்காவில் மிங்க்கைக் கூண்டில் வளர்க்கத் தொடங்கி 150 ஆண்டுக்கு மேல் ஆகிறது. வசந்தத்தில் பிறக்கும் குட்டி கம்பிக்கூண்டில் வளர்ந்து, அந்தக் குளிர்காலம் முற்றுவதற்குள் தோலுக்காகக் கொல்லப்படுகிறது. அதன் கால் ஒருமுறைகூட ஆற்றில் நனைவதில்லை. 2001இல் 'நேச்சர்' இதழில் ஜார்ஜியா மேசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பண்ணை மிங்க்குகளுக்குப் பல வசதிகளை வைத்து, ஒவ்வொன்றையும் அடைய எடை கூட்டிய கதவைத் தள்ளிப் போகும்படி செய்தார்கள். மற்ற எல்லாவற்றையும்விட நீந்தும் தொட்டிக்காகவே அவை அதிகம் பாடுபட்டன. தொட்டியை அடைத்துவிட்டபோது அவற்றின் உடலில் மனஅழுத்த ஹார்மோன் ஏறியது, உணவை நிறுத்தியபோது ஏறுவதைப் போல. பல தலைமுறை கூண்டில் பிறந்தும் தண்ணீர் அவற்றின் உடம்பை விட்டுப் போகவில்லை. மூளையின் கதையும் அதுவே. பண்ணை மிங்க்கின் மூளை காட்டு மிங்க்கினதைவிடச் சிறுத்துவிட்டது. ஆனால் போலந்தில் தப்பிப் போய்க் காட்டில் பெருகியவற்றின் மண்டையோடுகளை அளந்தபோது, மூளை ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது தெரிந்தது. 2023இல் வெளிவந்த ஆய்வு இது.

அப்படிப்பட்ட விலங்கை ஒருவர் கூண்டிலிருந்து எடுத்து, கையில் உணவூட்டிப் பழக்கி, வாய்க்காலில் இறக்கிவிடுகிறார். அது நீந்துகிறது, வளைக்குள் போகிறது, தன் இனம் காலங்காலமாகச் செய்துவந்ததைச் செய்கிறது, பிறகு தன் பெட்டிக்குத் திரும்பி வருகிறது. வாய்க்காலில் கயிறு எதுவும் அதைக் கட்டி வைக்கவில்லை. பிடிக்காவிட்டால் போய்விட முடியும். இதை அடிமைத்தனம் என்று சொல்பவருக்குக் கம்பிக்கூண்டைச் சொல்ல என்ன வார்த்தை மிச்சம் இருக்கிறது?

மிங்க்கைப் பழக்கவே முடியாது என்பதும் சரியல்ல. முயல் வேட்டைக்கு ஐரோப்பியர் பயன்படுத்தும் ஃபெரெட், கடிக்கும் காட்டு விலங்கான போல்கேட்டிலிருந்து வந்ததுதான். ஸ்பெயினில் முயல் வளைக்குள் விட இவ்வகை விலங்குகளை வளர்த்ததை 2,000 ஆண்டுக்கு முன் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். நரிகளைச் சாந்த குணத்துக்காகத் தேர்ந்து வளர்த்துப் புகழ்பெற்ற ரஷ்ய மரபியலாளர் பெல்யாயெவின் நோவோசிபிர்ஸ்க் நிலையத்தில் மிங்க்கையும் அவ்வாறே தேர்ந்து வளர்த்து, மனிதனைக் கண்டு அஞ்சாத வம்சம் ஒன்றை உண்டாக்கினார்கள். பண்ணைக்காரர்களோ பெரும்பாலும் தோலின் நிறத்துக்கும் அளவுக்குமே தேர்ந்தெடுத்தார்கள். குணத்தைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை.

சூழலியலாளர் சொல்லும் வாதம் இவற்றைவிடக் கனமானது. பிரிட்டனுக்கு 1929இல் பண்ணைகளுக்காகக் கொண்டுவந்த மிங்க் தப்பியோடி, 1956இல் டெவன் பகுதியின் டீன் ஆற்றங்கரையில் காட்டில் குட்டி போட்டது உறுதியானது. வாழிடம் அழிந்ததும் மிங்க் பெருகியதும் சேர்ந்து, அந்நாட்டின் நீர்வோல் என்ற சிறு விலங்கை ஏறத்தாழத் துடைத்தெடுத்துவிட்டன. நீரிலும் வளைக்குள்ளும் துரத்திவரும் இந்த எதிரியிடமிருந்து தப்பும் வழி அந்த விலங்கிடம் இல்லை. பிரிட்டனிலோ, ஐரோப்பாவின் பிற பகுதிகளிலோ, தென்னமெரிக்காவின் தென்கோடியிலோ ஒருவர் மிங்க்கோடு வேட்டைக்குப் போக விரும்பினால் நானே எதிர்த்து நிற்பேன். ஆனால் யூட்டாவில் மிங்க் அந்நியன் அன்று. மஸ்க்ராட்டுக்கும் மிங்க்குக்கும் உள்ள உறவை ஐயோவாவின் சதுப்புகளில் பல்லாண்டு கூர்ந்து பார்த்தவர் பால் எரிங்டன். கூட்டம் மிகுந்தோ வறட்சியாலோ வீடிழந்து அலையும் மஸ்க்ராட்டுகளே பெரும்பாலும் மிங்க்குக்கு இரையாகின்றன, நல்ல நீரில் நல்ல வளையில் நிலைத்தவை தப்பிக்கின்றன என்று அவர் கண்டார். இயற்கையில் நடப்பதால் மட்டும் ஒன்று நியாயமாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. மிங்க்கை எதிர்கொள்ள மஸ்க்ராட்டிடம் வழி இருக்கிறது என்கிறேன். இரண்டாவது வாசல், ஆழமான நீர், நீண்ட மூச்சு. பல மஸ்க்ராட்டுகள் தப்பித்துப் போகின்றன. நஞ்சுக்கும் பொறிக்கும் எதிராக அதன் உடலில் அப்படி எதுவும் இல்லை.

பண்ணை மிங்க் தப்பினால் காட்டு மிங்க்கோடு கலந்து இனத்தைக் கெடுக்கும் என்ற கவலை நியாயமானது. கனடாவின் ஒண்டாரியோவில் அப்படிக் கலந்திருப்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. நோய்க் கவலையும் நியாயமானது. 2020இல் கொரோனா மிங்க் பண்ணைகளில் பரவியபோது டென்மார்க்கில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க்கைக் கொன்றார்கள். யூட்டாவின் பண்ணைகளிலும் ஆயிரக்கணக்கில் செத்தன, பண்ணை அருகே பிடிபட்ட ஒரு காட்டு மிங்க்கிடமும் அந்த வைரஸ் இருந்தது. இந்த இரண்டு ஆபத்துக்கும் ஊற்று எது? ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கில் அடைத்து வைக்கும் பண்ணைத்தொழில். இரண்டு மூன்று மிங்க் வைத்திருப்பவரிடம் மலடாக்கு, தடுப்பூசி போடு என்று சட்டம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதைக் கேட்காமல் அவரை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டுப் பண்ணையை விட்டுவிடுவது என்ன நீதி?

கடைசியாக, இதில் மகிழ்ச்சி கொள்கிறார்களே என்ற குறை. வல்லூறு வேட்டையை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. வல்லூறு புறாவை வானத்தில் அடிக்கும்போது கவிதை, மிங்க் எலியை வளைக்குள் கடிக்கும்போது காட்டுமிராண்டித்தனம் என்பது எப்படி? அழகான விலங்குக்கு ஒரு நியாயம், சேற்றில் புரளும் விலங்குக்கு இன்னொன்றா? டிடிடி பூச்சிக்கொல்லியால் அமெரிக்காவில் பெரெக்ரின் வல்லூறு அழியும் நிலைக்கு வந்தபோது, 1970இல் அதைக் காக்க நிறுவனம் தொடங்கிய டாம் கேட் ஒரு வல்லூறு வேட்டைக்காரர். அந்தப் பறவையை அடைத்து இனப்பெருக்கம் செய்ய வைத்து மீண்டும் வானத்தில் விட, வேட்டைக்காக அதனோடு வாழ்ந்தவர்களின் அறிவு வேண்டியிருந்தது. 1999இல் அது அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

விலங்கின் வழியறிந்து வேட்டையாடும் அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஃபுளோரிடாவின் சதுப்புகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017இல் இங்கிருந்து போனவர்கள் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும். மோப்ப நாய்களும் அந்த முயற்சியில் இருந்தன. சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பாம்புகளைக் கண்டெடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே இருளர்கள் நெல்வயல் வரப்பில் எலிவளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். நஞ்சில்லாமல் தோண்டிப் பிடிப்பார்கள், எலி சேர்த்துவைத்த நெல்லையும் மீட்பார்கள். அந்த அறிவை நெடுங்காலம் இழிவாகப் பார்த்துவிட்டு எலிப்பாஷாணத்தை அறிவியல் என்று கொண்டாடினோம். யூட்டாவின் வாய்க்கால் கரையில் நாயோடு நடப்பவர் மீது விழும் ஏளனமும் அதே வகைதான்.

காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எலி சாவதை மெதுவாக ஓடவிட்டு, இசை சேர்த்து, எண்ணிக்கை போட்டுக் காட்டுவோர் உண்டு. அவர்களைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆனால் படம் எடுப்பவரின் ரசனைக் கேட்டை வேலையின் தலையில் ஏற்ற வேண்டாம்.

இது பெருநகரத்தின் லட்சக்கணக்கான எலிகளுக்கு விடையாகாது என்பதும் உண்மை. அங்கே குப்பையை மூடுவதும் ஓட்டையை அடைப்பதும்தான் முதல் வேலை. ஒரு கோழிப்பண்ணை, ஒரு தானியக் கொட்டகை, சில மைல் வாய்க்கால் என்ற அளவில் இது பொருந்தும். மிங்க் தாயகமாக உள்ள மாநிலங்களில் இதற்கு உரிமம் கொடுக்கட்டும். மிங்க் மலடாக்கப்பட்டிருக்க வேண்டும், மஸ்க்ராட் குட்டி வளர்க்கும் மாதங்களில் வேட்டை கூடாது, நாய் கட்டளைக்கு விடுகிறதா என்று சோதிக்க வேண்டும் என்று விதி வைக்கட்டும். நீர்ப்பாசன அமைப்புகள் ஒரு வாய்க்காலில் பொறியும் நஞ்சும், அடுத்த வாய்க்காலில் நாயும் மிங்க்கும் என ஓராண்டு வைத்துப் பார்க்கட்டும். எத்தனை மஸ்க்ராட், எத்தனை நேரத்தில் செத்தது, கூடவே எத்தனை வாத்து, எத்தனை ஆந்தை என்று எழுதி வைக்கட்டும். எதிர்ப்பவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.